அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தீர்களா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு ரோம் போகிறோம். கையில் 4 நாள்தான். கொலோசியம், வத்திக்கான், பாந்தியன் மூன்றையும் எப்படித் திட்டமிட்டுப் பார்ப்பது? அம்மாவும் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி. 2 வயதுப் பையனோடு ஹோட்டலிலேயே இருந்துகொள்வார்.
- வாசகர், கோவை

பதில்: தம்பி, 3 இடத்துக்கு 4 நாள் தாராளம். அதை விடுங்கள். 'இருந்துகொள்வார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது அம்மா சொன்னதா, நீங்களாக முடிவு கட்டியதா? இந்த முழங்கால் வலிக் கதை எனக்கு வரும் கடிதங்களில் ரொம்பப் பழசு. 2 வயசுப் பையன் பின்னால் ஓடும்போது மட்டும் அந்த முழங்கால் வலிக்காதா? பேரனுக்குப் பால் கலக்க கோவை அடுப்படி போதாதா? அதற்கு எதற்கு அந்தம்மாவுக்கு ஒரு விசா?

ரோமின் கல் பாவிய தெருக்கள் வயசானவர்களுக்குக் கஷ்டம்தான். ஃபோரம் என்ற பழைய ரோமானியர் சதுக்கத்தின் இடிபாடுகளும் மேடும் பள்ளமும். அதை விட்டுவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. கொலோசியத்தில் லிஃப்ட் இருக்கிறது. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் கேட்டால் சக்கர நாற்காலி தருவார்கள். பாந்தியனில் மாடியேறும் வேலையே இல்லை. கி.பி. 609-லிருந்து அது தேவாலயம், உட்கார பெஞ்சும் உண்டு. கம்பியே வைக்காத கான்கிரீட்டில் 43 மீட்டர் அகலக் கூரை, 1,900 வருஷமாக நிற்கிறது. நடுவில் வானம் தெரிய ஒரு வட்டத் திறப்பு. மழை பெய்தால் உள்ளேயே விழும், தரையில் இருக்கும் துளைகள் வழியாக வடிந்துவிடும். அம்மா அரைமணி அண்ணாந்து உட்காரட்டும். உங்கள் செல்ஃபியும் அதற்குள் முடியும்.

போர்கேசே அருங்காட்சியகம் உங்கள் பட்டியலிலேயே இல்லை. சிற்பி பெர்னினி இருபதையொட்டிய வயதில் செதுக்கிய பளிங்குச் சிலை ஒன்று அங்கே இருக்கிறது. பற்றியெரியும் ட்ராய் நகரத்தை விட்டு ஓடும் ஐனியாஸ், நடக்க மாட்டாத தகப்பனைத் தோளில் சுமந்து போகிறான். கிழவர் கையில் வீட்டுத் தெய்வங்கள். சின்ன மகன் பின்னாலேயே வருகிறான். ரோமானியர்கள் இந்த ஐனியாஸைத்தான் தங்கள் மூதாதை என்றார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கிழவரை அவன் ட்ராயிலேயே விட்டுவிட்டு வரவில்லை, தம்பி.

போர்கேசேயில் 2 மணி நேர முறை வைத்துத்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு கட்டாயம். அம்மாவுக்கும் உங்கள் மனைவிக்கும் போடுங்கள். வெளியே பெரிய பூங்கா இருக்கிறது. அந்த 2 மணி நேரமும் பையன் பின்னால் நீங்கள் ஓடுங்கள்.