1940-களின் ஹாலிவுட் 'பி' மர்மப் படங்கள் (சிக்கனச் செலவில் எடுத்தவை) மந்தமாகவும் மங்கலாகவும் தெரிகின்றன. எப்படிப் பார்த்தால் ரசிக்கலாம்?

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள். இவை சதுரத்தை ஒட்டிய 1.37:1 சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. திரை முழுக்க இழுத்தால் முகம் அகலமாகிவிடும். ஜூம் செய்தால் தலை வெட்டுப்படும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். 'மோஷன் ஸ்மூத்திங்' வசதியை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் அது இல்லாத பிரேம்களைச் செருகி, சினிமாவை சீரியல் ஆக்கிவிடும்.

அடுத்தது பிரதி. பதிப்புரிமை இல்லாததால் 'டீடூர்' (Detour, 1945) என்ற படம் மோசமான பிரதிகளாக இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. இவ்வகைப் படங்களுக்கு நிழல்தான் உயிர். கறுப்பு சாம்பலாகிவிட்டால் பாதிப் படம் போச்சு. 2018-இல் மீட்டெடுத்த பதிப்பைத் தேடுங்கள்.

ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் இரட்டைக் காட்சியில் பெரிய படத்துக்குத் துணையாக ஓடியவை என்பதால் பெரும்பாலும் 60–70 நிமிடம்தான். முடிச்சு சீக்கிரமே விழும், போனைத் தள்ளி வையுங்கள். சிக்கனத்தைக் கவனிப்பது தனி சுகம்: 'டீடூர்' நியூயார்க் தெருவை வெறும் பனிமூட்டத்தை வைத்தே ஒப்பேற்றிவிடும், லிஃப்ட் கேட்கும் காட்சியில் பிலிமை இடவலமாகத் திருப்பிப் போட்டதால், அமெரிக்கக் காரில் இடப்பக்கம் இருக்க வேண்டிய ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும்! 'சார்லி சான்' துப்பறியும் பட வரிசையில் சீனத் துப்பறிவாளராக வெள்ளை நடிகர்கள் வருவதுதான் இன்று உறுத்தும்.