வாசகர் கேள்வி பதில்: ஒரு இறக்கைத் துண்டு போதுமா?

கேள்வி: கனடாவில் டைனோசர் காலத்துத் தட்டான் ஒன்றின் இறக்கைத் துண்டு கிடைத்ததாகப் படித்தேன். தலை இல்லை, உடல் இல்லை, கால் இல்லை. அதற்குப் புதுப் பெயர் வைத்ததோடு நிற்காமல் புதுக் குடும்பமே ஏற்படுத்திவிட்டார்களாம். இது அவசரம் இல்லையா, அம்மா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவசரம் இல்லை. தலையும் காலும் கிடைத்து இறக்கை கிடைக்காமல் போயிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஆல்பர்ட்டாவில் உள்ள டைனோசர் மாகாணப் பூங்காவில், 2023இல், மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் களப்பயிற்சியின்போது இலைப் பதிவுகள் உள்ள பாறைகளைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அகப்பட்டது இந்த இறக்கை. வயது ஏறத்தாழ 7.5 கோடி ஆண்டுகள். ஆந்த்ரே ம்யூல்லரும் அவருடைய குழுவினரும் 2025இல் இதற்குக் கார்டுவாலடென்சா ஏகார்னி என்று பெயரிட்டார்கள். ஆல்பர்ட்டாவின் இயற்கையாளர் ஜான் ஏகார்னைக் கௌரவிக்க வைத்த பெயர் இது. டைனோசர் காலத்துத் தட்டான் ஒன்று கனடாவில் கிடைத்தது அதுவே முதல் முறை. தட்டான்களின் புதைபடிவ வரலாற்றில் சுமார் மூன்று கோடி ஆண்டு இடைவெளி ஒன்றின் நடுவே இது வந்து உட்கார்ந்திருக்கிறது.

இப்போது உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். தட்டானின் இறக்கையை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான சிறு அறைகள் தெரியும். அந்தக் கூட்டத்துக்குள் சில நீண்ட நரம்புகள் மட்டும் எல்லாத் தட்டானிலும் ஒரே ஒழுங்கில் கிளம்பி, ஒரே ஒழுங்கில் கிளைவிடும். கோஸ்டா, சப்கோஸ்டா, ரேடியஸ், மீடியா, கியூபிடஸ் என்று அவற்றுக்குப் பெயர். முன்விளிம்பின் நடுவாக்கில் ஒரு சிறு முறிவு போலத் தெரிகிறதே, அது கணு. சப்கோஸ்டா அங்கேதான் முடிகிறது. அடிப்பகுதிக்குப் பக்கத்தில் முக்கோண அறை ஒன்று இருக்கும். அதன் நீளவாட்டம் எந்தப் பக்கம், ஆர்க்குலஸ் என்ற குறுக்கு நரம்பிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது, ரேடியஸின் கிளைகள் கணுவுக்கு முன்னால் பிரிகின்றனவா பின்னால் பிரிகின்றனவா என்பவையெல்லாம் பரம்பரையாக இறங்கி வருகிற அடையாளங்கள். மழைக்காலத்தில் நம் மொட்டைமாடி உயரத்தில் கூட்டமாகச் சுற்றுகிற மஞ்சள் தட்டானில், பின் இறக்கையின் முக்கோணம் ஆர்க்குலஸை ஒட்டி நீளவாட்டில் கிடக்கும். முன் இறக்கையில் அது தள்ளிப்போய் குறுக்காக நிற்கும். ஏஷ்னிட் என்ற குடும்பத்துப் பெரிய தட்டான்களில் இரண்டு இறக்கையிலும் முக்கோணம் நீளவாட்டில்தான் இருக்கும். முக்கோணம் எந்தத் தோரணையில் நிற்கிறது என்பதை வைத்தே எந்தப் பெருங்கிளை என்று பாதி வழி போய்விடலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சிறு குறுக்கு நரம்புகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பி யாராவது புது இனம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே பூச்சியின் வலது இறக்கையிலும் இடது இறக்கையிலுமே அந்த எண்ணிக்கை மாறும். இதை என் மாணவர்களிடம் வகுப்புதோறும் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன். எந்த வேறுபாட்டுக்கு எடை உண்டு, எதற்கு இல்லை என்று தெரிவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. அதற்கு இன்று வாழ்கிற தட்டான்களின் இறக்கைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும்.

துண்டு இறக்கையில் இன்னொரு சிக்கல் வரும். நரம்பின் தொடக்கம் உடைந்து போயிருந்தால், கையில் இருப்பது எந்த நரம்பு என்று எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. தட்டான் இறக்கை தட்டையானது இல்லை. காகித விசிறி போல மடிப்பு மடிப்பாக இருக்கிறது. ஒவ்வொரு பெரிய நரம்பும் ஒன்று மேட்டில் ஓடும், அல்லது பள்ளத்தில் ஓடும். சப்கோஸ்டா பள்ளத்தில், ரேடியஸின் முன்கிளை மேட்டில், பின்கிளை பள்ளத்தில், மீடியாவின் முன்கிளை மறுபடி மேட்டில். இந்த முறை தட்டான் குலத்தில் மாறுவதில்லை. கல்லை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் மேட்டின் நிழல் விழும், பள்ளம் இருண்டு தெரியும். அப்போது தொடக்கம் இல்லாவிட்டாலும் நரம்பின் அடையாளம் தெரிந்துவிடும். பாறை இரண்டாகப் பிளக்கும்போது ஒரு பாதியில் மேடாக இருப்பது மறு பாதியில் பள்ளமாக இருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. எனவே ஓவியம் வரைகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, தாம் பார்ப்பது இறக்கையின் மேற்புறமா கீழ்ப்புறமா என்பதை.

ஒரே நரம்புக்கு வெவ்வேறு அறிஞர்கள் வெவ்வேறு பெயர் வைத்திருப்பதும் உண்டு. காம்ஸ்டாக்கும் நீடமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த முறை ஒன்று. ரீக்கும் குக்கலோவா-பெக்கும் 1984இல், பழம்பாறைகளில் கிடைத்த ஆதித் தட்டான்களை வைத்துத் திருத்தியது இன்னொன்று. எந்த முறையில் எழுதுகிறேன் என்று சொல்லாத வர்ணனையை நான் பாதியிலேயே மூடி வைத்துவிடுவேன்.

கேள்வி: இறக்கை மட்டும் ஏன் மிஞ்சுகிறது?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: தெருவிளக்கடியில் செத்துக் கிடக்கும் தட்டானைப் பாருங்கள். எறும்புகள் உடலைக் கொண்டுபோய்விடும், இறக்கைகளை விட்டுவிடும். அதில் தின்ன ஒன்றுமில்லை. உதிர்ந்த இறக்கை காற்றில் போகும், நீரில் மிதக்கும், பின்பு சேற்றுப் படிவில் இலைகளோடு இலையாகப் படியும். ஆல்பர்ட்டாவில் இலைப் பதிவுகளுக்கு நடுவே அது கிடைத்ததில் வியப்பில்லை.

கேள்வி: காக்கை அளவுக்குத் தட்டான் இருந்ததாம். ஆக்சிஜன் அதிகம் என்பதால் அப்படி வளர்ந்தது என்கிறார்கள். உண்மையா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: இறக்கை விரிப்பில் 65 சென்டிமீட்டருக்கும் மேல் இருந்தது உண்மை. பிரான்சில் கொமந்த்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த மெகானியூராவை ஷார்ல் ப்ரோன்யார் 1885இல் அந்தப் பெயரில் அறிவித்தார். கான்சாஸ் மாநிலத்தின் எல்மோவில் கிடைத்த மெகானியூராப்சிஸை ஃப்ராங்க் கார்பென்டர் 1939இல் வர்ணித்தார். அது இன்னும் சற்றுப் பெரியது. இவற்றைத் தட்டான் என்பதைவிடத் தட்டானின் தாயாதிகள் என்பது பொருந்தும். இறக்கையில் கணு கிடையாது. சப்கோஸ்டா நிற்காமல் நுனி வரைக்கும் நீண்டு ஓடும். அதை ஒரு பார்வையிலேயே கண்டுகொள்ளலாம்.

ஆக்சிஜனுக்குப் பங்கு உண்டு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதை ஒற்றைக் காரணமாக வைக்க வேண்டாம். கிளாப்பமும் கார்ரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், புதைபடிவ இறக்கைகளை ஆயிரக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை பூச்சிகளின் உச்ச அளவு ஆக்சிஜனோடு ஏறி இறங்கியது. அதன் பிறகு ஆக்சிஜன் கூடியபோதும் அளவு கூடவில்லை. அப்போது வானத்தில் பறவைகள் வந்துவிட்டன.

கேள்வி: ஊசித்தட்டான் போலவே இருந்தும் ஊசித்தட்டான் இல்லை என்று ஒரு புதிய துணைவரிசையை அறிவித்தார்களே, அதை ஏற்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: செஃபலோசைகாப்டெரா என்ற துணைவரிசையை, அதாவது குடும்பத்தைவிடப் பெரிய பிரிவு ஒன்றைச் சொல்கிறீர்கள். 2021இல் ஆர்ச்சிபால்டும் கானிங்ஸும் மற்றவர்களும் பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன் மாநிலப் பாறைகளை வைத்து அறிவித்தார்கள். ஊசித்தட்டானின் தலை அகன்றது, கண்கள் இரு பக்கமும் துருத்தி நிற்கும். இவற்றின் தலையோ உருண்டை, கண்கள் தலையோடு ஒட்டியிருந்தன என்பது அவர்கள் வாதம். பாறையில் நசுங்கிய தலையின் வடிவத்தை நம்பலாமா என்று பூச்சிப் புதைபடிவ ஆய்வாளர் ஆந்த்ரே நெல் தரப்பு மறுத்தது. இறக்கை தட்டையாகவே படிவதால் நசுங்கிக் கெடுவது குறைவு. உருண்டைத் தலைக்கு அந்த வசதி இல்லை. அதனால் நான் மறுத்தவர்களின் எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் பல மாதிரிகளில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதை நசுங்கல் என்று ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. நசுங்காமல் பிசினில் உறைந்த தலை ஒன்று கிடைத்தால் இந்த வழக்கு தீரும்.

கேள்வி: பழைய கிளையைச் சேர்ந்த தட்டான் இன்று எங்காவது உயிரோடு உண்டா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: உண்டு, இமயமலையில். எபியோஃப்ளீபியா என்று பெயர். இன்னொரு இனம் ஜப்பானில் வாழ்கிறது. உடல் தட்டான் போலப் பருமன். இறக்கைகளோ முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே வடிவில், ஊசித்தட்டானைப் போல. டார்ஜிலிங் பக்கத்துக் குளிரோடையில் எடுத்த இளம்புழு ஒன்றை வைத்தே பூச்சியியலாளர் டில்யார்ட் 1921இல் இதை இனங்கண்டார். அந்தப் புழு ஓடைக்கல்லடியில் ஐந்தாண்டுக்கும் மேல் வளர்ந்த பிறகுதான் இறக்கை முளைக்கும்.

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கிறேன். இறக்கை நரம்புகளைப் படிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– மாணவர், தேனி

பதில்: தம்பி, பூச்சியைக் கொல்ல வேண்டாம். ஜன்னலோரத்திலும் விளக்கடியிலும் செத்துக் கிடப்பதே உனக்குப் போதும். நான்கு இறக்கைகளையும் அடியோடு பிரித்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் வைத்து ஓரத்தை ஒட்டு. தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதி வை, மை மங்கிவிடும். பள்ளியில் ஸ்கேனர் இருந்தால் 1200 டிபிஐ அளவில் ஸ்கேன் செய். ஒப்பிட்டுப் பார்க்க ஃப்ரேசர் எழுதிய பிரிட்டிஷ் இந்தியத் தட்டான்கள் பற்றிய மூன்று தொகுதிகளைத் தேடு. 1933 முதல் 1936 வரை வந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அலைந்து தட்டான்களைச் சேகரித்த ராணுவ மருத்துவர் அவர். உங்கள் மலைகளின் இனங்கள் அதில் நிறைய உண்டு.

எல்லா நரம்பையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யப் பார்க்காதே. முதலில் கணுவைக் கண்டுபிடி. பிறகு முன் இறக்கையிலும் பின் இறக்கையிலும் முக்கோணத்தைக் கண்டுபிடித்து, அது எந்தப் பக்கம் நீள்கிறது என்று வரை. படத்தைப் பார்த்து வரையாமல் இறக்கையைப் பார்த்து வரை. வரைந்ததை இந்தப் பகுதிக்கு அனுப்பு, திருத்தி எழுதுகிறேன்.