மாயமந்திர உலகத்துக்குள் விண்கலத்தை எப்படிக் கொண்டுவருவது?

உதகையில் நண்பர்களோடு நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுக் கதை சொல்லி ஆடும் ஆட்டத்தில், மந்திரவாதிகள் வாழும் மலைநாட்டுக்குள் விண்கலம் ஒன்றைக் கொண்டுவந்தால் கதை கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடாது, அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதி 1980-இல் வெளிவந்த ஆட்டக்கதை ஒன்றிலேயே, மலைக்குள் புதைந்த விண்கலத்தின் கதவுகளை வண்ண அட்டைகள்தாம் திறக்கும்.

ஆனால் கலம் பறக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பறக்கும் கலம் வீரர்களின் கைக்குக் கிடைத்துவிட்டால் காடும் கணவாயும் கோட்டையும் ஒரே நாளில் பொருளிழந்துவிடும். ஆகவே அது என்றோ விழுந்து, சோலைக்காட்டின் வேரும் பாசியும் மூடிக் கிடக்கட்டும். அளவுக்கு உதகை அருகே உள்ள முத்தோரை ரேடியோ தொலைநோக்கியை மனத்தில் கொள்ளுங்கள்: 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது, அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஈடாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் அமைந்திருப்பதால், அதன் சுழல் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அத்தகைய சரிவில் கிடக்கும் கலத்துக்குள் நடைபாதைகள் எல்லாம் சாய்ந்திருக்கும். விளக்கிலிருந்து கொட்டிய எண்ணெய் ஒரே பக்கமாக ஓடும், தீயும் அதன் பின்னே போகும்.

விவரிக்கும்போது 'லேசர் துப்பாக்கி' என்று சொல்லாமல், எலும்பைப் போல் வெளிறிய, தொட்டால் வெதுவெதுப்பான குழல் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை ஆட்டக்காரர்களே கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொரு கருவியிலும் சில பிரயோகங்களே மிச்சமிருக்கும், மந்திரத்தால் அதை மீண்டும் நிரப்ப முடியாது என்ற விதியை மட்டும் முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.