இரண்டு மனசோடேயே டாக்டரிடம் போ, தங்கச்சி

சிம்மக்கல்லிலிருந்து கல்யாணமாகி லண்டன் வந்திருக்கும் தங்கச்சி கேட்டது இது: "தாம்பத்தியம் இன்னும் நடக்கவில்லை அக்கா. முயன்றாலே உடம்பு இறுகி வலி தாங்கவில்லை. வெஜைனிஸ்மஸ் என்று படித்தேன். அவர் பொறுமையாகத்தான் இருக்கிறார். இங்கே டாக்டரிடம் போகவா, சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போகும்போது பார்த்துக்கொள்ளவா? போகணும் போலவும் இருக்கிறது, வேண்டாம் போலவும் இருக்கிறது."

இங்கேயே போ. மனசு தெளியட்டும் என்று காத்திருக்காதே. எனக்கும் இது இருந்தது. டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோதும் எனக்குத் தெளியவில்லை. "சரியாகணும்னு இருக்கு, ஆனா சிகிச்சைன்னாலே பயமா இருக்கு" என்று அப்படியே சொன்னேன். இன்றைக்குப் பேசினால் மட்டும் போதும் என்றார் அவர்.

இது நீ வேண்டுமென்று செய்வதில்லை. கண்ணருகே விரல் வந்தால் இமை மூடுகிற மாதிரி, இடுப்பின் அடித்தளத் தசைகள் தாமாக இறுகுகின்றன. புருஷன்மேல் ஆசை இருந்தாலும் இறுகும். "பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கோ" என்று சொந்தக்காரப் பெண்கள் சொன்னால் தயவுசெய்து கேட்காதே. வலித்துப் பழகிய உடம்பு அடுத்த தடவை இன்னும் முன்னாடியே இறுகும்.

மதுரையில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் லீவில் போகிறவளைத் தனியாக எங்கே விடுவார்கள்? அம்மாவும் மாமியாரும் கூடவே வந்து உட்காருவார்கள். என்னை "இன்னும் விசேஷம் இல்லையே" என்று நேராகக் குழந்தையின்மை சிகிச்சைக்குத்தான் கூட்டிப்போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள். உறவு நடக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இது லீவுக்குள் முடிகிற வைத்தியமும் இல்லை.

இங்கே ஜிபியிடம், அதாவது நீ பதிந்திருக்கும் குடும்ப டாக்டரிடம் போகலாம், இல்லாவிட்டால் பாலியல் நல கிளினிக்கிற்கு நேரடியாகப் போகலாம். விசாவுக்கு வருஷம் 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டித்தானே வந்திருக்கிறாய், இதுவும் அதில் அடக்கம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேள். நீயும் உன் வீட்டுக்காரரும் ஒரே ஜிபியில் பதிந்திருந்தாலும், நீ சொல்வது உன் அனுமதியில்லாமல் அவர் காதுக்குப் போகாது. பரிசோதனை வேண்டாம் என்றும் சொல்லலாம், பாதியில் நிறுத்தவும் சொல்லலாம்.

அப்புறம் மூச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, கவுன்சலிங், டைலேட்டர் என்று போகும். டைலேட்டர் என்பவை வழவழப்பான குச்சிகள், ஒன்றைவிட ஒன்று பெரிது. என்னிடம் இருந்ததில் சின்னது சுண்டுவிரல் பருமன்தான். உள்ளே வைப்பதும் எடுப்பதும் உன் கைதான். எனக்குப் பெரிய தொல்லை வீடுதான்: மூன்று குடும்பம், ஒரே பாத்ரூம், சரியாகத் தாழ் விழாத அறைக் கதவு. எல்லாரும் வேலைக்குப் போன மத்தியானத்தை எனக்கென்று வைத்துக்கொண்டேன். பெட்டியைப் புடவைகளுக்கு நடுவே சூட்கேஸில் பூட்டிவைத்தேன். உனக்கும் தனியிடம் இல்லையென்றால் டாக்டரிடம் சொல், அதற்கேற்பத் திட்டம் போடச் சொல்.

காத்திருப்பு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் இப்போதே பெயர் கொடு என்கிறேன். முறை வரும்போதும் மனசு ஒப்பவில்லை என்றால் அப்போது சொல்லிக்கொள்ளலாம். 25 வயதை ஒட்டிக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குக் கடிதம் வரும். அதைத் தூக்கி ஓரமாக வைக்காமல், நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லி, உள்ளே வைத்துப் பார்க்கும் கருவியில் சின்னதாகக் கேள்.

ஊரிலிருந்து "ஏதாச்சும் விசேஷமா?" என்று போன் வந்தால் நீ ஒன்றும் விளக்க வேண்டாம். போனை உன் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடு, அவர் பேசிக்கொள்ளட்டும்.