கையால் வரைந்த கேன்வாஸ் விரிப்பு: பிறருக்குச் செய்து தரும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

"கேன்வாஸில் படம் வரைவேன், அதையே தரை விரிப்பாகச் செய்து கொடுக்க முடியுமா, டிசைனை எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். சென்னையில் ஐந்து வருடமாக இதுதான் என் வேலை. ஆனால் சுவரில் மாட்டும் படத்தை அப்படியே தரையில் போட்டால் விரிப்பு ஆகிவிடாது. படத்தை எதிரே நின்று பார்ப்பார்கள். விரிப்பை நாலு பக்கமிருந்தும் பார்ப்பார்கள், பாதியைச் சோபா மறைத்துவிடும், மிச்சத்தில் நடப்பார்கள். ஆர்டர் வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, அந்த வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், கதவு திறந்தால் விரிப்பில் இடிக்குமா, வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான்.

வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு அக்கா, காரைக்குடியில் தன் ஆயா வீட்டில் இருந்த ஆத்தங்குடிக் கல் தரை வேண்டும் என்றார். 4க்கு 6 அடி. வீட்டுக்காரர் போட்ட டைல்ஸை மாற்ற முடியாது, இதையாவது விரித்துக்கொள்கிறேன் என்றார். இந்த ஆசை பழையதுதான். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பளிங்குத் தரை மாதிரியே கறுப்பு வெள்ளைக் கட்டங்களை எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த கித்தானைத்தான் விரித்தார்கள். 1860களில் ஃபிரடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் லினோலியம் என்ற வழவழப்பான தரை விரிப்பைக் கொண்டுவந்த பிறகுதான் அது மெல்ல மறைந்தது.

சரி, அந்த அக்கா கதைக்கு வருகிறேன். 10 அங்குலக் கல்லாக வைத்துக் கணக்குப் போட்டால் 4க்கு 6 அடியில் முழுசாக அடங்காது, ஓரத்தில் பூ பாதியில் வெட்டுப்படும். 8 அங்குலமாகக் குறைத்தேன், இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 9 என்று உட்கார்ந்துவிட்டது. கொத்தனார் மாதிரி நூல் அடித்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, கத்தி மாதிரி விளிம்போடு ஒரு மாதிரித் துண்டு வரைந்து கொண்டுபோனேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நல்லாத்தான் இருக்கு, ஆனா கடையில விக்கிற டைல்ஸ் மாதிரி இருக்கு, எங்க ஆயா வீட்டுத் தரை மாதிரி இல்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆத்தங்குடிக் கல்லில் கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டைக் கையால்தான் ஊற்றுகிறார்கள், அதனால் ஒரு நிறம் இன்னொன்றோடு சேரும் இடம் லேசாக அலையும். டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லா இதழையும் வெறும் கையால் பிரஷ்ஷில் இழுத்தேன். பதினோரு நாள் கூடுதலாக ஆனது. அந்த விரிப்பின் மேல் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதை நான் மறக்க மாட்டேன்.

துணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 10ஆம் நம்பர் டக் கேன்வாஸ் (நெருக்கமாக நெய்த தடித்த பருத்தித் துணி) வாங்குங்கள். பிரைமர், அதாவது சாயத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, பட்டதும் துணி சுருங்கும், மடிப்புக்கும் சுற்றிலும் ஓர் அங்குலம் வேண்டும், அதனால் தாராளமாக வெட்டுங்கள். பின்பக்கமும் பிரைமர் அடியுங்கள், இல்லாவிட்டால் ஓரம் சுருண்டு கால் தடுக்கும். மேலே தண்ணீர் வகை பாலியுரேத்தேன் வார்னிஷ் நாலு கோட், நடுவில் நைஸ் உப்புத்தாளால் லேசான தேய்ப்பு. எண்ணெய் வகை வார்னிஷை வெள்ளைக்கு மேல் அடித்து, ஆறு மாதத்தில் அது டீ நிறத்துக்குப் போனதைப் பார்த்தவன் நான்.

நம் ஊரில் பெரிய எதிரி மாப் தண்ணீர்தான். ஒரு மழைக்காலத்தில் ஈரத் தரையிலேயே விரித்துவிட்டார்கள், இரண்டு வாரத்தில் அடிப்பக்கம் கறுத்துப் பூஞ்சை. பணம் வாங்காமல் வேறு செய்து கொடுத்தேன். இப்போது பின்னால் பெரிய எழுத்தில் எழுதியே தருகிறேன்: தரை காய்ந்த பிறகு விரிக்கவும், மடிக்கக் கூடாது, வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டவும். மடித்தால் அந்தக் கோட்டிலேயே சாயம் வெடிக்கும், அதைச் சரி செய்யவே முடியாது.

அப்புறம் இன்னொன்று. சாமி உருவம், விளக்கு, பூஜை அறையில் போடும் படிக்கோலம் இதெல்லாம் கேட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். நான் வரைவதே இல்லை, கால் படும் இடம். சிக்குக்கோலம் கேட்டால் சந்தோஷமாக வரைவேன், அது வாசலில் மிதிபடுவதுதானே.

பணத்தில் பாதியை முன்னாலேயே வாங்குங்கள். அதோடு ஓர் அடிக்கு ஓர் அடி மாதிரித் துண்டு ஒன்றை முழு வார்னிஷோடு முடித்துக் கொடுத்து, ஒரு வாரம் வாசல் ஓரம் போட்டு மிதிக்கச் சொல்லுங்கள். நிறத்தை மாற்றச் சொல்பவர்கள் அந்த வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.