அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியும் மறதியும் நெஞ்சுப் படபடப்பும் இருக்கிறது. துக்கம் மூளையையும் உடம்பையும் இப்படிப் பாதிக்குமா?

பாதிக்கும். ஆனால் படபடப்பை மட்டும் 'துக்கம்தானே' என்று விட்டுவிடாதீர்கள், முதலில் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை, உரக்கடைக்காரன். 'மருத்துவம் சொல்ல நீ யார்' என்று கீழே சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அப்பா இறந்தது இரண்டு வருடம் முன்பு, மார்கழியில். காடாத்து முடிந்த அன்று ராத்திரி அம்மா நெஞ்சை அழுத்துகிறது என்றாள். இரண்டு நாளாக வெறும் காப்பிதான் குடிக்கிறாள், கேஸாகத்தான் இருக்கும் என்று ஜெலுசிலை மூடியில் அளந்து கொடுத்தேன். கூடத்தில் படுத்திருந்த அத்தை, "மதினிக்கு எப்பவும் நாலு பேரு சுத்தி நிக்கணும்" என்றாள், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. விடிகாலை நாலு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அந்தக் குளிரில் முதுகு முழுக்க வியர்வை.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி பார்த்து ஹார்ட் அட்டாக் என்றார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடுகிற ட்ரோபோனின் என்ற புரதமும் ஏறியிருந்தது. ஆஞ்சியோ செய்தால் இதய ரத்தக் குழாயில் ஒரு அடைப்பும் இல்லை! எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இதயத்தின் இடது கீழறை நுனிப்பக்கம் பலூன் மாதிரி உப்பி, சுருங்காமல் கிடந்தது. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு பானை வரைந்தார். குறுகின கழுத்து, அகலமான அடி. ஜப்பான் மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானையாம், பெயர் டகோட்சுபோ. 1990இல் அந்த ஊர் மருத்துவர்கள் இதயம் இப்படி உப்புவதைப் பார்த்து அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அதிர்ச்சியில் அட்ரினலின் வகையறா ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாய்ந்து இதயத் தசையை மரத்துப்போக வைக்கிறது என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

அடைப்போடு வருகிற அட்டாக்கும் இந்தச் சமயத்தில் கூடும். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த சுமார் 2,000 பேரிடம் விசாரித்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. நெருங்கியவர் இறந்த முதல் நாளில் அபாயம் வழக்கத்தைவிட 21 மடங்கு, முதல் வாரத்துக்குள் ஏறக்குறைய 6 மடங்கு. நான் அந்த வாரத்தில்தான் ஜெலுசில் அளந்துகொண்டிருந்தேன்.

சரி, மறதி. பதினாறாம் நாள் சமையல்காரருக்குப் பணம் எடுக்க ஏடிஎம் போனால், ஒன்பது வருடமாக விரல் தானாக அடித்த ரகசிய நம்பர் ஞாபகம் வரவில்லை. மூன்று தடவை தப்பாக அடித்து கார்டு முடங்கியது. (அந்தச் சமையல்காரர் 200 இலைக்குப் பேசிவிட்டு 260 இலைக்குக் கணக்கு எழுதினார். எண்ணிப் பார்க்கிற நிலையில் நாங்கள் இல்லை என்று தெரிந்தே எழுதினார். சாவு வீட்டில் யாரும் பேரம் பேசமாட்டார்கள் என்பது பந்தல்காரரிலிருந்து எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.)

தூக்கம் கெட்டு, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறிக் கிடக்கும்போது கவனத்துக்கும் நினைவுக்குமான மூளைப் பகுதிகள் ஒழுங்காக ஓடாது. அதோடு, ராத்திரி எட்டரைக்கு அப்பாவின் டிவிஎஸ் சத்தம் கேட்கும் என்று முப்பது வருடம் பழகின மூளை, அவர் இல்லை என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழகுகிறது. எட்டரைக்குக் கேட்டைத் திறக்க நான் எழுந்து போயிருக்கிறேன், பல நாள். மூன்று மாதத்தில் இதை வியாதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். குறைந்தது 6 மாதம் தாண்டியும் அன்றாடம் நடத்த முடியாமல் கிடந்தால்தான் உலக சுகாதார நிறுவனமே அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது.

ஆறு வாரம் கழித்து எடுத்த எக்கோவில் அம்மாவுக்கு எல்லாம் நார்மல். அத்தை இப்போது தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்க மதினிக்கு ஜப்பான் வியாதி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணன் போனதிலிருந்து தனக்கும் ராத்திரியில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அந்த டாக்டர் எத்தனை மணிக்கு உட்காருவார் என்று கேட்டாள்.