சிப்பியைப் போன்றது, சிப்பி அன்று

கேள்வி: அருங்காட்சியகம் ஒன்றில் சிப்பியைப் போன்ற ஒரு கல்லைக் கண்டேன். அது சிப்பி இனமே அன்று, பிராக்கியோபாட் என்ற வேறொரு கடலுயிர் என்றும், அக்காலக் கடலின் ஆழத்தை அதைக் கொண்டு அறியலாம் என்றும் எழுதியிருந்தது. வெறும் ஓடு ஆழத்தை எப்படிச் சொல்லும்?

பதில்: சிப்பியின் இரு ஓடுகளும் இடமும் வலமுமாக அமைந்தவை, பெரும்பாலும் ஒன்றையொன்று கண்ணாடிப் பிம்பம் போல ஒத்திருக்கும். பிராக்கியோபாடின் ஓடுகளோ மேலும் கீழுமாக அமைந்தவை. அவற்றுள் ஒன்று பெரும்பாலும் சற்றுப் பெரிதாக இருக்கும். ஆனால் எந்த ஓட்டின் நடுவில் கோடு கிழித்தாலும் இரு பாதிகளும் ஒத்திருக்கும். பல இனங்களில் பெரிய ஓட்டின் மூக்கில் ஒரு துளை உண்டு. அதன் வழியே நீளும் காம்பினால் எதையேனும் பற்றிக்கொண்டு, நீரிலுள்ள நுண்ணுணவை வடிகட்டி உண்டு அவ்வுயிர் வாழ்ந்தது.

இப்படி ஓரிடத்திலேயே வாழ்ந்து முடித்ததுதான் நமக்கு உதவுகிறது. வேல்ஸிலும் அதை ஒட்டிய இங்கிலாந்துப் பகுதியிலும் உள்ள, 43 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, சைலூரியன் எனப்படும் காலத்துப் பாறைகளை ஆராய்ந்த புவியியலாளர் சீக்லர், கரையோரம் தொடங்கி ஆழத்தை நோக்கி ஐந்து உயிர்க்கூட்டங்கள் வரிசையாக வாழ்ந்ததை 1965-இல் எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதில் வாழ்ந்த ஒரு பிராக்கியோபாடின் பெயரே பெயர்: லிங்குலா, இயோசீலியா, பென்டமெரஸ், ஸ்டிரிக்லேண்டியா, குளோரிண்டா என்பதே அந்த வரிசை. ஒரே இடத்துப் பாறையடுக்குகளில் கீழிருந்து மேலாக இவை இதே முறையில் வந்தால், அங்கே கடல் ஆழமாகிக்கொண்டே நிலத்துக்குள் ஏறியது என்று பொருள்.

இவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது பென்டமெரஸ். வளர்ந்த பின் காம்பை இழந்துவிடும் இவ்வுயிர், கனத்த மூக்குப் பகுதியைக் கீழே ஊன்றி, பக்கத்தில் உள்ளவற்றோடு நெருங்கி நின்றது. நின்ற நிலையிலேயே கல்லாகிவிட்ட கூட்டங்களும் கிடைத்துள்ளன. ஓடு கரைந்துபோய், அதன் உள்ளே நிரம்பி இறுகிய சேற்றின் உள்வார்ப்பு மட்டும் எஞ்சிய கல்லைக் கையில் எடுத்தால், ஓட்டினுள் இருந்த மெல்லிய தடுப்பு விட்டுச்சென்ற பிளவு, கத்தியால் கீறியது போல நேராகத் தெரியும்.

ஆனால் இந்த வரிசை எது ஆழம், எது ஆழமின்மை என்பதைத்தான் சொல்லும். இத்தனை மீட்டர் என்று சொல்லாது. சேறு, நீரோட்டம், வெப்பநிலை ஆகியவையும் எந்த உயிர் எங்கே வாழும் என்பதை முடிவு செய்தன. மேலும், ஓடுகள் தனித்தனியாகப் பிரிந்து, உடைந்து, ஒரே பக்கமாகக் குவிந்து கிடந்தால், அலையோ புயலோ அவற்றை வேறிடத்திலிருந்து அடித்து வந்திருக்கலாம். இரு ஓடுகளும் மூடியபடி கிடைக்கும் புதைபடிவத்தின் சாட்சியத்தையே அதிகம் நம்பலாம்.